கணக்குப் புத்தகமும் கழிப்பறையும்

நம் வீடுகளில் சாப்பாட்டைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோம். சாப்பிட்டது வெளியேறுவதைப் பற்றி வாய் திறக்க மாட்டோம். அதிலும் ஆறு வயதோ ஏழு வயதோ ஆன பிள்ளைக்கு இன்னும் டயப்பர் கட்டுகிறோம் என்பதைக் கூடப் பிறந்தவர்களிடம்கூடச் சொல்ல மாட்டோம். ஊரிலிருந்து உறவினர் வருகிறார்கள் என்றால் டயப்பர் பாக்கெட்டுகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கும் குடும்பங்கள் டில்லியில் எத்தனையோ உண்டு. பேசாமல் இருப்பதால் நஷ்டம் குழந்தைக்குத்தான். ஆகவே கூச்சத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் கழிப்பறைப் பழக்கம் கற்றுக்கொடுப்பது எப்படி என்பதே விஷயம். தமிழில் 'மன இறுக்கம்' என்றும் 'மதி இறுக்கம்' என்றும் எழுதுகிறார்கள். இந்தக் குழந்தைகளின் மனத்தில் இறுக்கம் எதுவும் இல்லை என்பதால் நான் ஆட்டிசம் என்றே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மத்திய அரசின் கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறார்கள். பகல் முழுவதும் பேரனோடு இருப்பது நானும் என் மனைவியும்தான். பேரனுக்கு ஆட்டிசம். ஆறு வயதில் தொடங்கிய பயிற்சி ஒன்பது வயதில்தான் முழுமை அடைந்தது. இப்போது அவனுக்கு 12 வயது. தானே போகிறான், தானே சுத்தம் செய்துகொண்டு வருகிறான். அந்த மூன்று வருஷத்தில் கற்றுக்கொண்டவற்றில் மற்றவர்களுக்கும் உதவக்கூடியவை சில இருக்கின்றன.

யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம்

முதலில் ஒரு சரித்திரம். 1943-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர், 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில்தான் ஆட்டிசம் ஒரு தனி நிலையாக விவரிக்கப்பட்டது. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல், தாயின் பாசக் குறைவால்தான் குழந்தை இப்படி ஆகிறது என்று மேல்நாட்டுப் பண்டிதர்களே நம்பினார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர் ஒரு புத்தகம் எழுதி அதை மறுத்தார். ஆட்டிசம் மூளை வளர்ச்சியைச் சேர்ந்தது, வளர்ப்பைச் சேர்ந்தது அல்ல என்பது அவர் வாதம். அவரே ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் தகப்பனார். இன்று விஞ்ஞானம் அவர் பக்கம்தான் நிற்கிறது.

ஆனால் நம் கூடங்களில் பழைய தீர்ப்பு இன்னும் நடமாடுகிறது. 'அம்மா வேலைக்குப் போனால் இப்படித்தான்', 'பாட்டி செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்', 'நம்ம காலத்தில் ஒரு வயதிலேயே பழக்கிவிட்டோமே' என்பார்கள். கடைசியாகச் சொன்னது ஓரளவு உண்மைதான். நம் பாட்டிமார் குழந்தையை நீட்டிய கால்களின் மேல் உட்கார வைத்து, 'ஸ்ஸ்...' என்று ஒலி எழுப்பி, நேரம் பார்த்துப் போக வைப்பார்கள். அது நல்ல பயிற்சி. ஆனால் அந்த ஒலியையும் உடம்பில் எழும் உணர்ச்சியையும் குழந்தை தானாக இணைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் நடப்பது அது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அந்த இணைப்பையே தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

காரணங்கள் பல. பசி, தாகம், மூத்திரப்பை நிரம்புவது போன்றவற்றை உடம்புக்குள்ளிருந்து உணரும் சக்தி இவர்களில் பலருக்கு மங்கலாகவோ, அளவுக்கு மீறியோ இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் அண்ணன் அக்காளைப் பார்த்துப் பழகிக்கொள்கிறார்கள். இவர்களுக்குப் பிறரைப் பார்த்துச் செய்வது எளிதல்ல. 'பெரிய பையன் ஆயிட்டியே' என்ற புகழ்ச்சி மற்றக் குழந்தைகளை ஓட வைக்கும். இவர்களில் பலருக்கு அது வெறும் சத்தம். பழகிப்போன ஒன்றை மாற்றுவதே இவர்களுக்குப் பெரிய கலக்கம். ஆறு வருஷமாக டயப்பரில் போனவனுக்கு, அது இல்லாமல் போவது நமக்குச் சட்டையில்லாமல் ஆபீசுக்குப் போவதுபோல. இதில் பிடிவாதமும் இல்லை, சோம்பலும் இல்லை.

முதல் படி மருத்துவரிடம்

பயிற்சி தொடங்கும் முன் குழந்தை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் மலச்சிக்கல் மிகவும் சகஜம். வெள்ளைச் சோறு, பிஸ்கட், சிப்ஸ் என்று நாலைந்து பண்டங்களுக்கு மேல் தொடாத பிள்ளைகள் பலர். நார்ச்சத்து இல்லை, தண்ணீர் குடிப்பதும் குறைவு. ஒருமுறை வலித்துவிட்டால் அடுத்த முறை அடக்குவார்கள். அடக்க அடக்க மலம் இறுகும். இறுகினால் இன்னும் வலிக்கும். இந்தச் சுழல் மாதக்கணக்கில் ஓடும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. குடலில் கெட்டியாக அடைத்துக்கொண்ட மலத்தைச் சுற்றிக்கொண்டு நீர்த்த மலம் ஜட்டியில் கசியும். வீட்டில் வயிற்றுப்போக்கு என்று எண்ணி அதற்கு மருந்து கொடுத்தால் அடைப்பு இன்னும் மோசமாகும். குழந்தைக்குக் கசிவதே தெரியாது. அவனைத் திட்டி என்ன பயன்? எங்கள் பேரன் நாலு நாளைக்கு ஒருமுறைதான் போவான். மருத்துவர் மலத்தை இளக்கும் மருந்தைச் சில மாதங்கள் தொடர்ந்து கொடுத்து, வலி இல்லாமல் போவது பழகிய பிறகே பயிற்சி தொடங்கச் சொன்னார். அந்த மாதங்கள் வீண் போகவில்லை. வலிக்கும் இடத்தில் எந்தப் பிள்ளையும் விரும்பி உட்காராது. சிறுநீரில் எரிச்சல், கிருமித்தொற்று, இரவில் வலிப்பு ஆகியவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பதினான்கு நாள் கணக்கு

சிறப்பாசிரியை ஒருவர் எங்களிடம் முதலில் சொன்ன வேலை, 'ஒன்றும் கற்றுக்கொடுக்க வேண்டாம், இரண்டு வாரம் பார்த்து எழுதுங்கள்' என்பதுதான். கணக்குத் துறைக்காரனுக்கு இதைவிட உகந்த வேலை ஏது? நீள நோட்டு ஒன்று வாங்கி ஐந்து பத்திகள் கோடு போட்டேன்: மணி, உள்ளே போனது, வெளியே வந்தது, எந்த இடத்தில், அதற்கு முன் அவன் என்ன செய்தான்.

அரை மணிக்கு ஒருமுறை பார்ப்பேன். நல்ல டயப்பர் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வதால் நனைந்தது தெரியாது. அதனால் உள்ளே ஒரு துண்டு டிஷ்யூ காகிதத்தை மடித்து வைப்போம். காகிதம் நனைந்திருந்தால் 'ஈரம்', இல்லையென்றால் 'உலர்' என்று எழுதுவேன். அவனிடம் ஒன்றும் சொல்வதில்லை, முகம் சுளிப்பதில்லை.

பதினான்கு நாள் கழித்து நோட்டைப் புரட்டியபோது மூன்று உண்மைகள் புலப்பட்டன. முதலாவது, காலை 7 மணிக்குப் பால் குடித்தால் 7.40-க்கும் 7.50-க்கும் இடையே நனைக்கிறான். இரண்டாவது, காலை 10 மணியிலிருந்து 12 மணிவரை பெரும்பாலும் உலர்வாகவே இருக்கிறான். அதாவது அடக்கும் சக்தி இரண்டு மணி நேரத்துக்கு இருக்கிறது. மூன்றாவது, எங்களை உலுக்கிவிட்டது. ஒவ்வொரு முறையும் நனைப்பதற்குச் சற்று முன் பால்கனிக் கதவின் திரைக்குப் பின்னால் போய், நுனிக்காலில் நிற்கிறான். பதினான்கு நாளில் இருபத்தெட்டு முறை அந்தப் பத்தியில் 'திரை' என்று எழுதியிருந்தேன்.

குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. அவன் தன் வழியில் சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறான். 'அவனுக்கு ஒன்றும் புரியாது' என்று உறவினர்கள் சொல்வார்களே, அந்தப் பேச்சுக்கு என்னிடம் இருந்த பதில் அந்த நோட்டுதான். அதைப் படித்துவிட்டு என் மகள் வெகுநேரம் பேசவில்லை.

கணக்கு எழுதுவதன் பலன் இதுதான். பயிற்சி என்றால் குழந்தையை மாற்றுவது என்று நினைக்கிறோம். முதலில் குழந்தையின் வழக்கத்தை நாம் கற்க வேண்டும். மணிக்கொரு முறை கையைப் பிடித்து இழுத்துப் போவதைவிட, அவன் உடம்பு தயாராகும் நேரத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால் அழைத்துப் போவது எவ்வளவோ மேல். வெற்றி கிடைக்கும் வாய்ப்பு அப்போதுதான் அதிகம். வெற்றியைத்தானே நாம் கற்றுக்கொடுக்க விரும்புகிறோம்!

சொல்லும் படமும்

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல் உண்டு. வீட்டில் 'ஒண்ணுக்கு' என்கிறோம். பக்கத்து வீட்டு அம்மா 'சூசூ' என்கிறார். பள்ளியில் 'டாய்லெட்'. வேலைக்கு வரும் பெண் 'பாத்ரூம்' என்கிறாள். ஊருக்குப் போனால் மாமா 'கொல்லைக்குப் போறியா?' என்கிறார். மற்றக் குழந்தைகள் இவை எல்லாம் ஒன்றே என்று ஒரு வாரத்தில் தெரிந்துகொள்ளும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இவை ஐந்து தனித்தனி விஷயங்கள். எங்கள் பேரனிடம் 'பாத்ரூம் போகலாமா?' என்றால் சட்டையைக் கழற்றி, வாளியின் அருகே மக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவனைப் பொறுத்தவரை அது குளிக்கும் இடம்; அவன் சரியாகத்தான் புரிந்துகொண்டான்.

எனவே வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும். அந்தச் சொல் தமிழாகவே இருக்கலாம், தடையில்லை. தாய்மொழியை விட்டுவிட்டு ஆங்கிலத்துக்கு மாறினால்தான் ஆட்டிசம் குழந்தை பேசும் என்பது ஆதாரமில்லாத பயம். அந்தச் சொல்லோடு ஒரு படத்தையும் சேர்த்துவிட வேண்டும். கழிப்பறையின் படம் ஒட்டிய சின்ன அட்டை ஒன்று எங்கள் வீட்டில் கதவருகே தொங்கியது. அதேபோல ஒன்று பள்ளிப் பையில், ஒன்று காரில், ஒன்று என் சட்டைப் பையில். மொழி மாறினாலும் படம் மாறாது. ஆண்டி பாண்டி, லோரி ஃபிராஸ்ட் இருவரும் 1985-இல் அமெரிக்காவில் உருவாக்கிய படப் பரிமாற்ற முறை இப்படித்தான் படத்தைக் கையில் கொடுத்து வேண்டியதைக் கேட்கப் பழக்குகிறது. பேச்சு வராத பிள்ளைகளுக்கு இது பெரிய உபகாரம். படம் காட்டினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

இன்னொரு நுட்பம். சொன்னதையே திருப்பிச் சொல்வது இவர்களில் பலருடைய இயல்பு. 'ஒண்ணுக்கு வருதா?' என்று நாம் கேட்டால், அவசரம் வரும்போது அவனும் 'ஒண்ணுக்கு வருதா?' என்றே சொல்வான். தெரியாதவர்கள் அவன் தங்களைக் கேட்கிறான் என்று சிரிப்பார்கள். ஆகவே கேள்வியாகக் கேட்காமல், அவன் வாயில் எப்படி வர வேண்டுமோ அப்படியே நாம் சொல்ல வேண்டும்: 'ஒண்ணுக்குப் போகணும்.' அட்டையை அவன் கையில் கொடுத்து, இதைச் சொல்லி, உடனே அழைத்துப் போக வேண்டும். பல மாதம் கழித்து ஒரு மத்தியானம் அட்டையை என் மடியில் போட்டுவிட்டு இதையே சொன்னான். நான் செய்தித்தாளை எங்கே போட்டேன் என்று எனக்கு நினைவில்லை.

உட்காரும் இடம்

பெரியவர்களுக்குச் சாதாரணமான கழிப்பறை இந்தக் குழந்தைகளுக்குப் பயங்கரமான இடமாக இருக்கலாம். ஃப்ளஷ் இரைச்சல், எக்ஸாஸ்ட் விசிறி, பினாயில் நாற்றம், டில்லி ஜனவரியில் ஐஸ் போன்ற தரையும் தண்ணீரும் எல்லாம் சேர்ந்து அவர்களை விரட்டும். உள்ளே வர மறுக்கும் பிள்ளையை இழுக்காமல், எது அவனை விரட்டுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். நாங்கள் செய்தவை:

பினாயிலை நிறுத்தினோம். அவன் வெளியே வந்த பிறகே ஃப்ளஷ் செய்தோம். குளிர்காலத்தில் ஒரு குவளை வெந்நீர் தயாராக இருக்கும். பீச்சும் குழாயை ஒதுக்கிவிட்டு மக்கைப் பயன்படுத்தினோம். வெஸ்டர்ன் டாய்லெட்டில் குழந்தையின் கால் தொங்கினால் அவனுக்கு விழுந்துவிடுவோம் என்ற பயம் வரும், முக்கவும் முடியாது. என் மனைவி கல்யாணச் சீராகக் கொண்டு வந்த மரப்பலகை ஒன்றை, நாங்கள் சாப்பிட உட்கார்ந்த மணையை, காலடியில் போட்டோம். முழங்கால் இடுப்பைவிடச் சற்று உயர்ந்து நின்றது. மலம் எளிதாக இறங்க அதுவே சரியான நிலை. குந்தி உட்காரும் நம் பழைய வழக்கத்தின் பலனும் அதுதான்.

உட்கார வைப்பது மூன்று முதல் ஐந்து நிமிஷம். அதற்கு மேல் வேண்டாம். வந்தாலும் வராவிட்டாலும் மணி அடித்ததும் எழுந்துவிடலாம். சாப்பிட்டு முடித்து பதினைந்து முதல் முப்பது நிமிஷத்துக்குள் குடல் தானாக அசையும். ஆகவே 'ரெண்டுக்கு' உட்கார வைக்க அதுவே நல்ல நேரம். பையன்களையும் முதலில் உட்கார்ந்தே போகப் பழக்குவது நல்லது; நிற்பதைப் பிறகு கற்கலாம்.

வேலையைச் சிறு படிகளாகப் பிரித்துச் சுவரில் படமாக ஒட்டினோம்: கதவு, ஜட்டியை இறக்கு, உட்கார், கழுவு, ஜட்டியை ஏற்று, ஃப்ளஷ், கை கழுவு. ஏழு படம். ஒரு படி முடிந்ததும் அடுத்ததை விரலால் காட்டுவோம். வாயால் சொல்வது குறைவு. இப்படிக் கண்ணால் பார்த்துச் செய்யும் முறையை அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் எரிக் ஷாப்லர் என்பவர் வளர்த்தார்; 1972-இல் அது அந்த மாநிலம் முழுவதற்குமான திட்டமாயிற்று. எல்லாப் படிகளையும் ஒரே சமயத்தில் எதிர்பார்க்கக் கூடாது. நாங்கள் கடைசிப் படியிலிருந்து தொடங்கினோம். மற்ற ஆறையும் நாங்களே செய்துவிட்டு, கை கழுவுவதை மட்டும் அவனிடம் விட்டோம். அது வந்ததும் ஃப்ளஷ். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால் ஒவ்வொரு முறையும் குழந்தை வேலையை 'முடித்த' திருப்தியோடு வெளியே வருவான்.

வெற்றி பெற்றால் உடனே பரிசு, அதே நொடியில். சாயங்காலம் வாங்கித் தருகிறேன் என்றால் பயன் இல்லை. பரிசு அவனுக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும், நமக்குப் பிடித்ததாக அல்ல. பலமாகக் கைதட்டினால் சில பிள்ளைகள் மிரண்டு ஓடிவிடுவார்கள். எங்கள் பேரனுக்குச் சுழல்வது எதுவும் உயிர். ஒரு மரப்பம்பரத்தைக் கழிப்பறை வாசலிலேயே வைத்திருந்தேன். உள்ளே வெற்றி என்றால் வெளியே நான் பம்பரம் விட வேண்டும். வேறு எந்த நேரத்திலும் அந்தப் பம்பரம் கிடையாது.

நனைத்துவிட்டால்? முகம் மாறாமல், பேச்சில்லாமல், ஜட்டியை மாற்றுவதோடு சரி. 1971-இல் நேதன் அஸ்ரின், ரிச்சர்ட் ஃபாக்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட விரைவுப் பயிற்சி முறையில் நேரம் பார்த்து உட்கார வைப்பதும் பரிசு தருவதும் உண்டு. நனைத்தால் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்ய வைக்கும் கண்டிப்பும் உண்டு. முன்னதை இன்றும் பின்பற்றுகிறார்கள். அந்தக் கண்டிப்பு இந்தக் குழந்தைகளுக்கு வேண்டாம். பயந்த குழந்தை அடக்கக் கற்றுக்கொள்ளும்; போகக் கற்றுக்கொள்ளாது.

டயப்பரிலிருந்து விடுதலை

பகலில் பருத்தி ஜட்டிக்கு மாறியது ஒரு திருப்பம். ஈரம் உடம்பில் பட்டால்தான் அது ஈரம் என்று தெரியும். ஒரு நாளைக்குப் பத்து ஜட்டி துவைத்த நாட்களும் உண்டு. சிறுநீர் பழகிய பிறகும், மலத்துக்கு டயப்பரைக் கொண்டு வந்து கொடுத்து கட்டச் சொல்லும் பிள்ளைகள் பலர். கட்டாயப்படுத்தினால் நாள்கணக்கில் அடக்கிவிடுவார்கள். படிப்படியாகத்தான் போக வேண்டும். டயப்பரோடு கழிப்பறைக்குள் நின்று போகட்டும். அடுத்து டயப்பரோடே டாய்லெட்டின் மேல் உட்காரட்டும். பிறகு டயப்பரின் அடியில் ஒரு ஓட்டை வெட்டிக் கட்டலாம். ஓட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினால், ஒரு நாள் டயப்பர் வெறும் பெயருக்குத்தான் இருக்கும். எங்களுக்கு இதற்கு மட்டும் எட்டு மாதம் ஆயிற்று. இரவில் உலர்வாக இருப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில், தன் காலத்தில் வரும்.

சில பிள்ளைகள் மலத்தைத் தொட்டுச் சுவரில் பூசுவார்கள். இதைச் சொல்லி அழுத தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன். அடைப்போ அரிப்போ இருக்கிறதா என்று முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும். பிசையும் ஸ்பரிசம்தான் வேண்டியிருக்கிறது என்றால் தினமும் சப்பாத்தி மாவு, களிமண் கொடுக்கலாம். கூச்சல் போட்டால் அதுவே அவனுக்கு வேடிக்கை ஆகிவிடும்.

ரயிலும் ஊரும்

கோடை விடுமுறை வந்தால் நாம் எல்லோரும் ஊருக்குப் புறப்படுகிறோம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும். வீட்டில் கற்றது ஆடும் பெட்டியில் கை கொடுக்காது. ஒரு கழிப்பறையில் கற்றதை இன்னொரு கழிப்பறையில் செய்வது இந்தக் குழந்தைகளுக்குப் புதிய பாடம். அதனால் பயணத்துக்கு இரண்டு மாதம் முன்னதாகவே மெட்ரோ நிலையம், மால், நண்பர் வீடு என்று வெவ்வேறு கழிப்பறைகளில் பழக்கினோம். ரயில் கழிப்பறையின் போட்டோவை முன்கூட்டியே காட்டினோம். வண்டி நிலையத்தில் நிற்கும்போது ஆட்டம் இல்லை. முன்பெல்லாம் அப்போது போகக் கூடாது என்ற விதி இருந்தது. இப்போது பெட்டிகளில் பயோ டாய்லெட் வந்துவிட்டதால் அந்தச் சௌகரியம் கிடைத்திருக்கிறது. அட்டை, ஜட்டிகள், பழகிய மக் இவற்றோடு பம்பரமும் பையில் வரும். ஊர் வீட்டில் கழிப்பறை கொல்லைப்புறத்தில் இருந்தால், வெளிச்சத்தில் ஒருமுறை அழைத்துப் போய்க் காட்டிவிட வேண்டும். பயணத்தில் பழக்கம் சற்றுப் பின்னடைந்தாலும் திரும்பி வந்ததும் மீளும்.

பள்ளியும் சட்டமும்

இதெல்லாம் இவ்வளவு முக்கியமா என்று கேட்பவர்களுக்கு: ஆறு வயதில் பேரனைச் சேர்க்கப் போன பள்ளி ஒன்றில், 'டயப்பர் போன பிறகு கூட்டி வாருங்கள்' என்று சொல்லிவிட்டார்கள். படிப்பு, சிநேகிதம், விளையாட்டு எல்லாம் அந்த ஒரு கதவுக்கு வெளியே நின்றன. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் சேர்த்து 21 வகைக் குறைபாடுகளைக் குறிப்பிடுகிறது. அரசு நிதி பெறும் பள்ளிகளும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளும் பாகுபாடின்றிச் சேர்த்து, தேவையான உதவியும் தர வேண்டும் என்கிறது. பெற்றோர் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீடும் உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரை. டில்லியில் 1991-இல் தொடங்கிய ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம் நிறுவனம், பெற்றோருக்கும் பிள்ளைக்கும் சேர்த்தே பயிற்சி நடத்துகிறது.

பள்ளியில் சேர்ந்த பிறகு வீட்டு நோட்டைப் பள்ளிக்கும் நீட்டினோம். எத்தனை மணிக்குப் போனான் என்று ஆயா அம்மா ஒரு கோடு போட்டு அனுப்புவார். சாயங்காலம் நான் தொடர்வேன். மருமகன், மகள், பாட்டி, ஆயா, நான் என்று ஐந்து பேரும் ஒரே சொல், ஒரே அட்டை, ஒரே முறை. ஒருவர் மாறினாலும் குழந்தை குழம்பிவிடும்.

வளரும் பிள்ளைகளுக்கு இன்னொரு பாடமும் வேண்டும். கதவைச் சாத்துவது, வெளியே வருமுன் உடையைச் சரி செய்வது, பொதுக் கழிப்பறையில் பேண்ட்டை முழுவதும் இறக்காமல் நிற்பது, தன்னைத் தொட்டுச் சுத்தம் செய்யும் உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பது ஆகியவை அந்தப் பாடம். பிறர் உதவியில்லாமல் கழிப்பறைக்குப் போகத் தெரிந்த பிள்ளைக்கு ஆபத்தும் குறைவு. பெண் குழந்தைகளுக்கு மாதவிலக்கு வருவதற்கு ஒரு வருஷம் முன்பே, சும்மா இருக்கும் நாளில் நாப்கின் அணிந்து பழக்கிவிடுவது நல்லது.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2025-இல் வெளியிட்ட கணக்கின்படி, அந்நாட்டில் கணக்கெடுத்த இடங்களில் எட்டு வயதுக் குழந்தைகளில் 31 பேருக்கு ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது. எங்கோ இருக்கும் கணக்கு என்று தள்ளிவிட வேண்டாம். நம் பொங்கல் விழாவுக்கு வராத குடும்பங்களை எண்ணிப் பாருங்கள். சிலர் வராததற்குக் காரணம் ஒரு நனைந்த நாற்காலியாக இருக்கலாம்.

விழா நாட்களில் ஒரு கழிப்பறையை நாற்றமும் கூட்டமும் இல்லாமல், இந்தக் குழந்தைகளுக்கென்று ஒதுக்கித் தர முடியுமா? ஒலிபெருக்கி எட்டாத ஒரு அறையில் நாலு நாற்காலி போட முடியுமா? செலவு அதிகம் இல்லை. தாத்தா பாட்டிமாருக்கும் ஒரு வார்த்தை: பேரனுக்கு மந்திரமும் திருக்குறளும் சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிறோம், நியாயம்தான். அதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். ஐந்து பத்திகள் கோடு போடுங்கள். நமக்கு நேரம் இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. வேலைக்கு ஓடும் பிள்ளைகளுக்கு இல்லாத இரண்டும் நம்மிடம் இருக்கின்றன.